வானத்தை நீலமாக்கவா போலரைசர்? – ஏற்காட்டை முன்வைத்து

டிஸ்கி: கேமரா பக்கமே போகாதவங்களும் தைரியமா படிக்கலாம். நடுவுல கொஞ்சம் இயற்பியல் வரும், கடிக்காது. :-)

ஏற்காட்டுக்கு கேமரா தூக்கிட்டுப் போறவங்ககிட்ட போலரைசர் ஃபில்டர் வாங்கலாமான்னு கேட்டுப் பாருங்க. ரெண்டே ரெண்டு பதில்தான் வரும். ஒண்ணு, "வாங்கிடுங்க பாஸ், வானம் சும்மா நச்சுனு நீலமா வரும்." இன்னொண்ணு, "தண்டச் செலவு, ஃபோட்டோஷாப்ல ஒரு ஸ்லைடரை இழுத்தா முடிஞ்சுது."

நான் இந்த ரெண்டு கட்சியிலயும் இல்ல. சேர்வராயன் மலையில படம் எடுக்க போலரைசர் கண்டிப்பா வேணும்கறது என் கட்சி. ஆனா வானத்தை நீலமாக்க இல்ல. அந்தக் கண்ணாடித் துண்டோட நிஜமான வேலை, நடுவுல மறைச்சுக்கிட்டு நிக்கிற ஒரு திரையை விலக்குறது. நாம அதை விட்டுட்டு முகத்துக்கு பவுடர் பூசுற மாதிரி வானத்துக்கு சாயம் பூசிக்கிட்டு இருக்கோம்.

ஏன்னு சொல்றேன்.

முதல்ல, அது என்ன பண்ணுது?

சூரியன்ல இருந்து நேரா வர்ற வெளிச்சம் எல்லாத் திசையிலயும் அதிரும். அதே வெளிச்சம் தண்ணி, கண்ணாடி, ஈரப்பாறை, இலை மாதிரி ஒரு பரப்புல பட்டுத் தெறிச்சு வரும்போது, அதிர்வு பெரும்பாலும் ஒரே திசைக்கு வந்துடும். 1808ல பாரிஸ்ல மாலுஸ்னு ஒருத்தர், லக்சம்பர்க் அரண்மனை ஜன்னல்கள்ல தெரிஞ்ச சூரியனோட பிம்பத்தை ஒரு கால்சைட் கல் வழியா பார்த்துக்கிட்டே கல்லைத் திருப்பினார். தெரிஞ்ச ரெண்டு பிம்பங்கள்ல ஒண்ணு மங்கி மங்கி வந்துச்சு. நாம ஃபில்டர் வளையத்தைத் திருகும்போது நடக்கிறதும் இதேதான். 1815ல புரூஸ்டர் இதுக்கு கணக்கு போட்டுக் கொடுத்தார். தண்ணியோட பரப்பை சுமார் 37 டிகிரி சாய்வுல பார்த்தா, தெறிச்சு வர்ற வெளிச்சத்தை முழுசா வடிகட்டிடலாம்.

உலோகத்துல இந்த வித்தை பலிக்காது. பஸ்ஸோட குரோமியம் பம்பர் பளபளப்பு அப்படியேதான் இருக்கும். ஆனா அதே பஸ்ஸோட கண்ணாடியில பலிக்கும்.

நம்மாளு ஒருத்தர் இதை வச்சு என்ன பண்ணினார்?

போலரைசர் பத்தி பேசுற யாரும் இவரைச் சொல்றதில்லைங்கறது எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம். 1921ல சி.வி.ராமன் கப்பல்ல போகும்போது மத்தியதரைக் கடலோட நீலத்தைப் பார்த்தார். கடல் நீலமா இருக்க வானத்தோட பிரதிபலிப்புதான் காரணம்னு ராலே பிரபு சொல்லி வச்சிருந்தார். அவ்வளவு பெரிய ஆள் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டுப் போயிருக்கலாம். ராமன் தன்கிட்ட இருந்த நிக்கல் பட்டகத்தை எடுத்தார். அதுவும் ஒரு போலரைசர்தான், ஒட்டவச்ச கால்சைட் துண்டு. அதை சரியான கோணத்துல பிடிச்சு, கடல்மேல தெறிக்கிற வானத்து வெளிச்சத்தை அணைச்சுட்டுப் பார்த்தார். பிரதிபலிப்பு போச்சு, நீலம் போகலை. முன்னைவிட அழுத்தமா தெரிஞ்சுது. அப்ப அந்த நீலம் தண்ணிக்குள்ள இருந்தே வருதுன்னு ஆச்சு. 'நார்குண்டா' கப்பல்ல இருந்தே 'நேச்சர்' பத்திரிகைக்கு இதை எழுதினார். இந்த சிதறல் ஆராய்ச்சிதான் வளர்ந்து வளர்ந்து 1928ல ராமன் விளைவு ஆச்சு, 1930ல நோபல் வாங்கிக் கொடுத்துச்சு.

திருச்சியில பிறந்த அந்த மனுஷன் போலரைசரை கடலை அழகாக்கப் பயன்படுத்தலை. மேல படிஞ்ச பளபளப்பை எடுத்துட்டு, அடியில என்னதான் இருக்குன்னு பார்க்கப் பயன்படுத்தினார். நம்ம கேமரா முன்னாடி மாட்டுற சமாச்சாரமும் அதே சாதிதான். அதை வச்சு நாம என்ன பார்க்கிறோம்கறதுதான் கேள்வி.

ஏற்காட்டுல அதுக்கு என்ன வேலை?

முதல் வேலை காபி இலை. சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் 1820கள்ல இந்த மலைக்கு காபியைக் கொண்டு வந்தார். இன்னிக்கும் ஏற்காடுன்னா சில்வர் ஓக் நிழல், அதுல ஏறுற மிளகுக்கொடி, அடியில காபிச்செடி. காபி இலையை கையில வாங்கிப் பாருங்க, எண்ணெய் தடவின மாதிரி மினுக்கும். அந்த மினுக்கு பச்சை இல்ல, வெள்ளை. வானத்து வெளிச்சம் இலையோட மெழுகுப் பரப்புல தெறிக்கிறது. பச்சை இலைக்குள்ள இருந்து வருது. மேல வெள்ளை, அடியில பச்சை, ரெண்டும் கலந்து படத்துல சாம்பல் பூத்த மாதிரி ஆயிடுது. ஃபில்டரை மாட்டி மெதுவா திருகினா வெள்ளை கழண்டு பச்சை வெளிய வரும். இலைகள் ஆளுக்கொரு கோணத்துல திரும்பி இருக்கிறதால எல்லா இலையும் ஒரேயடியா மாறாது, பாதி மாறும். அந்தப் பாதியே போதும்.

இதுல கவனிக்க வேண்டியது, இது வெயில் சமாச்சாரமே இல்ல. மேகம் மூடின நாள்லயும், மழை விட்ட அடுத்த நிமிஷத்துலயும்தான் இந்த வித்தை நல்லா எடுபடும். "வானம் நல்லா இல்ல, போலரைசர் எதுக்கு"ன்னு பைக்குள்ள போட்டுட்டு நடக்கிறவங்க, அதோட சிறந்த நேரத்தை கோட்டை விடுறாங்க.

ரெண்டாவது வேலை தண்ணி. பேர்லயே ஏரி இருக்கிற ஊரு. கரையில நின்னு கண்ணு மட்டத்துல கேமராவைப் பிடிச்சா, காலடியில இருந்து சுமாரா ரெண்டு மீட்டர் தள்ளி இருக்கிற தண்ணிதான் அந்த 37 டிகிரி கோணத்துல அமையும். அந்த இடத்துல தண்ணி கண்ணாடி மாதிரி திறந்துக்கும். தள்ளிப் போகப் போக கோணம் படுத்துடும், பிரதிபலிப்பு திரும்ப வந்துடும். ஆக ஒரே படத்துல முன்னாடி தரை, பின்னாடி மலையோட நிழல் ரெண்டும் கிடைக்கும். முழு ஏரியும் ஸ்படிகமா தெரியணும்னு வளையத்தை எவ்வளவு திருகினாலும் நடக்காது. ஃபில்டர் மேல குத்தமில்ல, கணக்கு அப்படி.

பிரதிபலிப்பே வேணும்னா? கழட்டி வச்சுடுங்க, இல்ல பாதி திருகி நிறுத்துங்க. "முழுசா திருகினாத்தான் காசுக்குப் பிரயோஜனம்"னு நினைக்கிறது, மிக்சியை எப்பவும் மூணாம் நம்பர்லயே ஓட்டுற மாதிரி.

மூணாவது, கிளியூர் அருவி. ஏரி நிரம்பி வழியுற தண்ணி போய் விழுற இடம். அங்க அருவியைவிட ஈரப்பாறைதான் பிரச்சனை. பாறையெல்லாம் பிளாஸ்டிக் உறை போட்ட மாதிரி வெள்ளையடிக்கும். போலரைசர் அந்த உறையை உரிச்சு, பாறையோட பாசியையும் பழுப்பையும் காட்டும். கூடவே ஒரு இலவசம். இந்த ஃபில்டர் சுமாரா ஒண்ணுல இருந்து ரெண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னுடும். ஒன்றரை ஸ்டாப்னு வச்சா 1/60 நொடி எடுத்த இடத்துல 1/20 ஆகும். தண்ணி ஓட்டம் கொஞ்சம் பட்டா வரும். முக்காலி இல்லேன்னா கையும் ஆடும், பாத்துக்கோங்க.

சரி, வானம்?

இங்கதான் நான் சண்டைக்கு வர்றேன்.

நீலவானத்துல போலரைசர் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி வேலை செய்யாது. சூரியன்ல இருந்து 90 டிகிரி தள்ளி இருக்கிற பட்டையிலதான் உச்சம். கண்டுபிடிக்க சுலபமான வழி: ஆள்காட்டி விரலை சூரியனை நோக்கி நீட்டுங்க, கட்டைவிரலை செங்குத்தா விரிங்க, மணிக்கட்டைச் சுழட்டுங்க. கட்டைவிரல் காட்டுற இடமெல்லாம் அந்தப் பட்டை. சூரியனுக்கு நேர் எதிரேயும், சூரியன் பக்கத்துலயும் கிட்டத்தட்ட பூஜ்யம்.

இப்ப ஏற்காட்டு வியூபாயிண்ட்களை எடுத்துக்கோங்க. பகோடா பாயிண்ட் கிழக்குப் பக்கம். காலையில சூரியன் எதிர்ல, சாயங்காலம் முதுகுக்குப் பின்னாடி. ரெண்டு நேரமும் நேர் எதிர் வானத்துல ஃபில்டர் சும்மா உட்கார்ந்திருக்கும். லேடீஸ் சீட்டுக்கு சூரியாஸ்தமனம் பார்க்கத்தான் கூட்டம் வருது. சூரியனைப் பார்த்து எடுக்கிற படத்துல போலரைசர் வெளிச்சத்தைத் தின்னுறதையும், கூடுதலா ஒரு கண்ணாடியா நின்னு ஒளிக்கறை போடுறதையும் தவிர ஒண்ணும் பண்ணாது. இருட்டினதும் சேலம் விளக்குகளை எடுக்கும்போது சொல்லவே வேணாம். ஆனா அங்க நிக்கிற கேமராக்கள்ல பாதியில அது மாட்டியே இருக்கும்.

அகல லென்ஸ் மாட்டினா இன்னும் கூத்து. 24 மி.மீ.க்கு கீழ போனா வானத்தோட பெரிய துண்டு படத்துக்குள்ள வரும். நடுவுல மட்டும் கரு நீலம், ரெண்டு ஓரமும் வெளுப்பு. சட்டையில மை கொட்டின மாதிரி இருக்கும். எந்த ஊர் வானமும் அப்படி இருக்காது.

அப்புறம் பனிமூட்டம். ஏற்காட்டோட பாதி அழகே அதுதான். மூட்டத்துல இருக்கிறது நீர்த்துளிகள். ஒளியோட அலைநீளத்தைவிட ரொம்ப பெரிசு, வெளிச்சம் பல தடவை சிதறி குழம்பிப்போயிடும். போலரைசர் அதை வெட்டாது. சில்வர் ஓக் நடுவுல மூட்டம் இறங்கும்போது ஃபில்டரைக் கழட்டிப் பையில போடுங்க, அந்த ஒன்றரை ஸ்டாப் வெளிச்சமாவது மிஞ்சும்.

ஒரு உச்சிவெயில் யோசனை

"மதியம் படம் எடுக்காதே"ன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. ஏற்காடு சுமார் 11.8 டிகிரி வடக்குல இருக்கு. அதனால வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஏப்ரல் 20 வாக்குலயும் ஆகஸ்ட் 22 வாக்குலயும், மதியம் 12.15ஐ ஒட்டி சூரியன் நேர் தலைக்கு மேல நிக்கும். நிழல் இல்லா நாள்னு சொல்றோமே, அது. அந்த நேரத்துல 90 டிகிரி பட்டை எங்க விழும்? சுத்தி வர அடிவானம் முழுக்க!

அதாவது, சேலத்துச் சமவெளி மேல படிஞ்சிருக்கிற மங்கலை அறுக்க போலரைசருக்கு கிடைக்கிற தோதான நேரம், ஏப்ரல் மாச உச்சிவெயில். பொன்னிற ஒளி கிடைக்காது, படம் தட்டையாத்தான் இருக்கும். தூசி ஜாஸ்தியா இருந்தா பலனும் குறையும். ஆனா தூரம் தெரியும். மலையடிவாரத்துல, வெள்ளைக்காரன் சாக் ஹில்ஸ்னு பேர் வச்ச மேட்டுப் பகுதி. அங்க இருக்கிறது சாக்கே இல்ல, மேக்னசைட், ஊர்ப்பேச்சுல வெள்ளைக்கல். அதைத் தோண்டின வெள்ளைத் தழும்பு, நகரம் எவ்வளவு தூரம் பரவி வந்திருக்கு, இதெல்லாம் மங்கலுக்கு அடியில இருந்து எழுந்து வரும். காலண்டர்ல மாட்டுற படம் இல்ல. ஆனா பத்து வருஷம் கழிச்சு அதே இடத்துல நின்னு இன்னொண்ணு எடுத்து பக்கத்துல வச்சுப் பார்த்தா, அதுதான் விலை மதிப்புள்ள படம்.

"ஃபோட்டோஷாப்ல பண்ணிக்கலாமே?"

வானத்தை நீலமாக்குறது, மங்கலைக் குறைக்கிறது எல்லாம் மென்பொருள்ல பேஷா முடியும். அதனாலதான் சொல்றேன், வானத்துக்காக போலரைசர் வாங்குறதுக்கு இன்னிக்கு அர்த்தம் குறைஞ்சுபோச்சு.

ஆனா இலையோட மினுக்கும், தண்ணிமேல தெறிப்பும் வேற கதை. சாதாரண கேமரா சென்சார் வெளிச்சம் எவ்வளவு, என்ன நிறம்னுதான் பதிவு பண்ணும். எந்தத் திசையில அதிர்ந்துச்சுன்னு பதிவு பண்ணாது. மினுக்கு வெள்ளை வெளேர்னு அடிச்ச இடத்துல அடியில இருந்த பச்சை கோப்புக்குள்ளயே வரலை. உள்ள வராத தகவலை எந்த புரோகிராமும் வெளிய எடுத்துத் தர முடியாது. இப்ப ஏ.ஐ. வந்து நிரப்பும்தான். ஆனா அது நிரப்புறது "பொதுவா ஏரிக்கு அடியில என்ன இருக்கும்"கற ஊகத்தை. ஏற்காடு ஏரிக்கரையில, நீங்க நின்ன இடத்துல, அன்னிக்கு என்ன இருந்துச்சுங்கறதை இல்ல. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம்தான் புகைப்படம்.

வாங்கப் போறவங்களுக்கு

1. வட்டமா, நேரா? லீனியர், சர்குலர்னு ரெண்டு வகை. எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள்ள இருக்கிற பாதி ஊடுருவும் கண்ணாடி, நேர் வகையைக் கண்டா ஃபோகஸ்லயும் வெளிச்சக் கணக்குலயும் குழம்பும். அதனால சர்குலர், அதாவது சி.பி.எல். வாங்குங்க. மிரர்லெஸ்னா நேர் வகையே ஓடும், ஆனா கடையில கிடைக்கிறது பெரும்பாலும் சி.பி.எல்.தான்.

2. உங்ககிட்ட இருக்கிறதுலயே பெரிய லென்ஸோட அளவுக்கு ஒண்ணு மட்டும் வாங்குங்க. 77 மி.மீ.ன்னா 77. மத்த லென்ஸ்களுக்கு ஸ்டெப்-அப் வளையம் போதும். மூணு மட்டமான ஃபில்டருக்கு ஒரு நல்லது மேல்.

3. அகல லென்ஸுக்கு மெல்லிய வளையம். ஏற்கனவே இருக்கிற யு.வி. ஃபில்டர் மேல இதை மாட்டாதீங்க, மூலையெல்லாம் கருத்துடும்.

4. பூச்சு முக்கியம். ஏற்காட்டுத் தூறல்ல தண்ணி ஒட்டாத பூச்சு இருந்தா துடைக்கிற வேலை மிச்சம்.

5. கடையிலேயே சோதனை. எல்.சி.டி. லேப்டாப் திரைக்கு முன்னாடி, ஃபில்டரோட முன்பக்கம் திரையைப் பார்க்கிற மாதிரி பிடிச்சுத் திருகுங்க. ஒரு கட்டத்துல திரை கிட்டத்தட்ட கருப்பாகணும். பின்பக்கத்தைத் திரைக்குக் காட்டித் திருகினா கருப்பாகாம லேசா நிறம் மட்டும் மாறும். அப்படின்னா அது சி.பி.எல். ரெண்டு பக்கமும் கருப்பானா நேர் வகை. ரெண்டு பக்கமும் ஒண்ணுமே ஆகலைன்னா, அண்ணாச்சிக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வெளிய வந்துடுங்க. :-)

6. பழைய கிட் லென்ஸ் சிலதுல ஃபோகஸ் பண்ணும்போது முன்பக்கமே சுத்தும். முதல்ல ஃபோகஸ், அப்புறம் திருகல்.

7. கேமராவே இல்ல, செல்போன்தானா? போலரைஸ்டு கூலிங் கிளாஸ் இருந்தா ஒரு கண்ணாடியை போன் லென்ஸ் முன்னாடி பிடிச்சுத் திருப்பிப் பாருங்க. நிறம் கொஞ்சம் மாறும், ஆனா தண்ணிக்குள்ள தெரியும்.

கடைசியா, ஏன் இவ்வளவு அலட்டிக்கணும்?

ஏற்காடு ஊட்டி இல்ல, சுவிட்சர்லாந்தும் இல்ல. அதோட நிறம் ஈரப் பச்சையும் சாம்பலும். ஆனா நாம போடுற படங்களைப் பார்த்தா வருஷம் முழுக்க கரு நீல வானமும் கண்ணாடி ஏரியும்தான் இருக்கிற மாதிரி தெரியுது. அதை நம்பி 20 ஹேர்பின் வளைவு ஏறி வர்றவங்க மூட்டத்தைப் பார்த்துட்டு "ஒண்ணுமே தெரியலையே"ன்னு முகம் சுளிச்சு இறங்குறாங்க. மூட்டம்தாங்க ஏற்காடு. அது தெரியாம போனதுக்கு நம்ம நீல வானங்களும் ஒரு காரணம்.

இன்னொண்ணும் இருக்கு. ஏரிக்கரையில வளையத்தைத் திருகி பளபளப்பை எடுத்தா, அடியில இருக்கிறது எல்லாம்தான் தெரியும். வேர் தெரியும், மீன் தெரியும். யாராவது வீசின பாட்டில் கிடந்தா அதுவும் தெரியும். அப்ப நாம என்ன பண்றோம்? வளையத்தைப் பின்னாடி திருகி, வானத்தோட பிம்பத்தைத் திரும்ப வரவழைச்சு அழகான படம் எடுக்கிறோமா? இல்ல, தெரிஞ்சதை எடுக்கிறோமா? ரெண்டுக்கும் அதே வளையம்தான், கால் சுத்து வித்தியாசம்.

ராமன் ராலேயோட வார்த்தையை ஏத்துக்கிட்டு பட்டகத்தைப் பையிலேயே வச்சிருந்தா, கடல் அப்பவும் அழகாத்தான் இருந்திருக்கும். அவர் எடுத்துப் பார்த்தார். நம்மகிட்டயும் அதே சாமான் இருக்கு, அவர் வச்சிருந்ததைவிட சௌகரியமா. வானத்துக்கு சாயம் அடிக்க மென்பொருள் போதும். இந்தக் கண்ணாடியை தண்ணிக்கும் இலைக்கும் பாறைக்கும் விடுங்க.

எதிர்க்கட்சிக்காரங்க பின்னூட்டத்துக்கு வரலாம். கையில ஏற்காட்டுப் படத்தோட வந்தா இன்னும் நல்லது.

கொசுறு: வானவில் தெரிஞ்சா போலரைசரை உடனே கவனிங்க. வானவில்லோட வெளிச்சம் ரொம்பவே ஒரு திசைப்பட்டது. ஒரு பக்கம் திருகினா நிறம் கூடும், இன்னொரு பக்கம் திருகினா அந்தத் துண்டு காணாமலே போயிடும். கண்ணு முன்னாடி இருக்கு, படத்துல இல்லைன்னா கேமராவைத் திட்டாதீங்க.